மோவானாவின் பாட்டுக்குள் இருக்கும் படகு

டிஸ்னியின் அசைவூட்டப் படமான ‘மோவானா’ 2016 நவம்பரில் வந்தது. அதைப் பற்றிப் பேசுகிற யாரும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள்: கடல் நாயகி மோவானாவைத் தேர்ந்தெடுத்தது. படமும் அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறது. நடை பழகும் வயதில் கரைக்கு வரும் குழந்தைக்குக் கடல் விலகி வழிவிடுகிறது, தலைமுடியைச் சிலுப்பி விளையாடுகிறது, தெ ஃபீத்தி என்ற தீவுத் தெய்வத்தின் இதயமான பச்சைக் கல்லைக் கையில் கொடுக்கிறது. அவள் வளர்ந்த பிறகு, பாதித் தெய்வமான மாவுயி அவளைப் படகிலிருந்து தூக்கி எறிகிற ஒவ்வொரு தடவையும் கடல் அவளைத் திரும்பக் கொண்டுவந்து படகில் வைக்கிறது. பார்க்க அழகுதான். ஆனால் முழுக் கதையும் நிற்பது வேறொரு விஷயத்தின் மேல்: கடலோடிகளாக இருந்த ஒரு சனம் கடலோடும் வித்தையை மறந்துவிட்டது, ஒரு பெண் அதைத் திரும்பக் கற்கிறாள். கடலே தூக்கிச் சுமக்குமென்றால் வித்தை எதற்கு, சுக்கான் எதற்கு? இந்த முரண் படத்துக்குள்ளேயே இருக்கிறது. படம் வெளிவந்து இத்தனை வருடம் ஆகியும் எனக்கு அது அடங்கவில்லை.

இப்போது எனக்குத் தோன்றுவது இது. கதை நழுவவிட்ட வித்தையைப் பாட்டுகள் பிடித்து வைத்திருக்கின்றன. எங்கே பிடித்தன, எங்கே அவையும் கோட்டை விட்டன என்று பார்க்க, பசிபிக் கடலோடிகள் உண்மையில் என்ன செய்தார்கள் என்பதைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தேங்காய்ப் பாட்டில் விட்டுப்போன நார்

மோவானாவின் ஊரான மோத்துநூயி தீவை அறிமுகப்படுத்துகிற ஊர்ப்பாட்டில் தேங்காய்க்கென்று தனி இடம் இருக்கிறது. நாரில் வலை பின்னுகிறார்கள், உள்ளே நீர் இனிக்கிறது, ஓலையில் தீ மூட்டுகிறார்கள், பருப்பைச் சமைக்கிறார்கள். எல்லாம் இங்கேயே கிடைக்கும்போது எங்கேயும் போக வேண்டாம் என்பதுதான் பாட்டின் வாதம். இதில் கவனிக்க வேண்டியது, நார் வலையோடு நின்றுபோவது. பசிபிக் தீவுகளில் தேங்காய் நாரின் தலையாய வேலை படகைக் கட்டுவது. மட்டையை உப்புநீரில் ஊறப்போட்டு, அடித்து, சக்கை போக்கி, காயவைத்து, தொடையில் உருட்டித் திரித்து, மூன்று புரியாகப் பின்னுவார்கள். ஃபிஜியில் இதற்கு மாகிமாகி என்று பேர், ஹவாயில் அஹா. ஒரு பெரிய படகுக்கு இந்தக் கயிறு மைல் கணக்கில் தேவைப்படும். ஊரே உட்கார்ந்து திரித்தால்தான் ஆகும்.

ஆணி அடிக்காமல் ஏன் கட்டினார்கள்? இரும்பு இல்லாததால் என்று சொன்னால் பாதிதான் சரி. இரட்டைப் படகில் இரண்டு உடல்கள். ஒன்று அலையின் முதுகில் ஏறும்போது மற்றது பள்ளத்தில் கிடக்கும். இரண்டையும் இணைக்கும் குறுக்குக் கட்டைகள் ஒவ்வொரு அலைக்கும் முறுக்கிக் கொடுக்க வேண்டியிருக்கும். ஆணியோ போல்ட்டோ அடித்திருந்தால், முறுக்க முறுக்கத் துளை பெரிதாகி மரம் பிளக்கும். கயிற்றுக் கட்டு நெகிழ்ந்து கொடுத்துவிட்டுத் திரும்ப இறுகும். அதற்கும் விலை உண்டு. கயிறு மரத்தோடு உராய்ந்து தேயும், ஒரு சுற்று அறுந்தால் பக்கத்துச் சுற்றுகள் தளரும். அதனால் பயணத்தின்போது தினமும் யாராவது ஒவ்வொரு கட்டையும் தொட்டுப் பார்த்தபடி இருக்க வேண்டும். உடலின் பலகைச் சந்துகளை ஈரப்பலாப் பாலால் அடைப்பார்கள். பாய் என்பது தாழையோலைப் பாயேதான், கீற்று கீற்றாகப் பின்னித் தைத்தது. நனைந்தால் கனத்துப்போகும், வெயிலில் கிடந்தால் முறியும். நீண்ட பயணத்துக்கு மாற்றுப்பாய் இல்லாமல் கிளம்ப மாட்டார்கள்.

படகை மறந்துபோன தீவு, நாரைப் பற்றிப் பாடினாலும் வலையோடு நிறுத்திக்கொள்கிறது. அந்த வலையும் பவளப்பாருக்கு உள்ளே வீசுகிற வலை. பாட்டெழுதியவர்கள் இதை யோசித்தே விட்டார்களா, தானாக அமைந்ததா என்பது இருக்கட்டும். கதையில் யாரும் வாய்திறந்து சொல்லாத மறதி இந்தப் பாட்டில் பதிந்திருக்கிறது. அருவிக்குப் பின்னாலிருக்கும் குகையில் பழைய படகுகளை மோவானா கண்டுபிடிக்கும்போது, அவை கட்டு அவிழாமல் அப்படியே நிற்கின்றன. ஈரக் குகையில் ஆயிரம் வருடம் கிடந்த நார்க்கட்டு நிற்காது. அது கதை, விட்டுவிடலாம்.

முள் குத்திய பிறகு

என் வாதத்துக்குப் படத்திலேயே ஒரு பதில் இருக்கிறது. அது நகைச்சுவைக் காட்சிக்குள் மறைந்திருப்பதால் பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தனக்குப் பாய் விடக் கற்றுக்கொடு என்று மோவானா கேட்கிறாள். மாவுயி முடியாது என்கிறான், அவளைக் கடலில் எறிந்து பார்க்கிறான். அப்போது கடல், தேங்காய்க் கொள்ளையர்களான காக்கமோராக்கள் விட்டுப்போன விஷமுள் ஒன்றை எடுத்து மாவுயியின் பின்பக்கத்தில் குத்துகிறது. அவன் கைகால் விழுந்து படகில் குப்புறக் கிடக்கிறான். வாய் மட்டும் வேலை செய்கிறது. வாய் வேலை செய்தால் பாடம் சொல்லலாமே என்று அவள் பிடித்துக்கொள்கிறாள்.

இந்த இடத்தில் கடல் என்ன செய்தது என்று பாருங்கள். படகை, அவள் அந்தக் கல்லைத் திருப்பித் தர வேண்டிய தெ ஃபீத்திக்கு நேராகத் தள்ளிக்கொண்டு போயிருக்கலாம், போகவில்லை. அவளுக்கு ஒரு வாத்தியாரைப் பிடித்துக் கட்டிப்போட்டுக் கொடுத்தது. அதற்கு முன்னாலும் அப்படித்தான்: புயலில் அவள் உதவி கேட்டுக் கத்தியபோது படகு கவிழ்ந்தது, அவள் மாவுயியின் தீவில் கரை ஒதுங்கினாள். கடல் அவளை உரிய ஆளிடம் கொண்டு சேர்க்கிறது, வேலையை அவள்தான் செய்ய வேண்டும். இப்படிப் பார்த்தால் படத்தின் மேல் இருந்த கோபம் பாதி குறைகிறது. மீதிப் பாதி, அந்தப் பாடத்தில் என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்பதைப் பற்றியது.

படத்தை உருவாக்கியவர்களுக்கும் இரண்டு கடல்கள் தேவைப்பட்டன. ஒன்று படகைச் சுமக்கிற கடல். அணியம் என்கிற படகின் முன்முனை கிழிக்கிற நுரை, பக்கவாட்டில் தெறிக்கிற நீர், பின்னால் விரிகிற தடம் எல்லாவற்றையும் நீரின் இயக்க விதிப்படி கணினியில் கணக்கிட்டார்கள். இன்னொன்று நடிக்கிற கடல், தலையாட்டும், தோள் குலுக்கும், சலித்துக்கொள்ளும். முகமில்லாத நீர்த்தூணுக்கு நடிப்பு வேண்டுமென்றால் அசைவூட்டக் கலைஞர் கையால் அசைக்க வேண்டும். கையால் அசைத்ததை அப்படியே விட்டால் ஜெல்லி போல இருக்கும், முழுக்கக் கணக்கீட்டிடம் விட்டால் நடிப்பு சிதறிப்போகும். நடிப்பை முதலில் முடித்து, மேலே குமிழியையும் துளியையும் வழிசலையும் சேர்த்துச் சேர்த்துத்தான் அதை நீராக்கினார்கள். கரைக்கு எடுத்த சிரத்தையும் குறைந்ததில்லை. மோத்துநூயியின் கடற்கரைக் காட்சி ஒன்றின் முழுத் தரவையும் டிஸ்னி 2018இல் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டது. அதில் 1,500 கோடிக்கு மேற்பட்ட அடிப்படை வடிவத்துண்டுகள் இருக்கின்றன. கணினிப் படங்களுக்கு ஒளிக்கணக்கு எழுதுகிறவர்கள் இன்றும் தங்கள் மென்பொருளுக்கு மூச்சு வாங்குகிறதா என்று பார்க்க இந்தத் தீவைத்தான் ஏற்றுகிறார்கள்.

கொக்கியைப் பின்தொடர்ந்தால்

பாட்டி தாலா சொல்லும் வழி எளிது. வானத்தில் மாவுயியின் தூண்டில் கொக்கி தெரியும், அதை நோக்கிப் போ. அந்தக் கொக்கி உண்மையில் உண்டு. நாம் விருச்சிகம் என்கிற நட்சத்திரக் கூட்டத்தின் வளைந்த வாலைத்தான் ஹவாயிலும் வேறு பல தீவுகளிலும் மாவுயியின் கொக்கி என்கிறார்கள். பிரச்சினை, ஒரு நட்சத்திரத்தை இரவு முழுக்கத் தொடர்ந்தால் என்ன ஆகும் என்பதில் இருக்கிறது. சமோவா அட்சரேகையில் நின்று பார்த்தால், விருச்சிகத்தின் செந்நிற நட்சத்திரமான கேட்டை வடக்கிலிருந்து சுமார் 117 பாகையில், அதாவது கிழக்குக்குச் சற்றுத் தெற்கே உதிக்கும். நடுவில் கிட்டத்தட்டத் தலைக்கு மேல் ஏறும், அப்போது அது எந்தத் திசையையும் காட்டாது. பிறகு 243 பாகையில், மேற்குக்குச் சற்றுத் தெற்கே மறையும். கொக்கியையே பார்த்துக்கொண்டு சுக்கான் பிடித்தவள் சாயங்காலம் கிழக்கே கிளம்பி விடியும்போது மேற்கே திரும்பி வந்துகொண்டிருப்பாள்.

கடலோடிகள் நட்சத்திரத்தைப் பயன்படுத்துவது அது உதிக்கும்போதும் மறையும்போதும்தான். அடிவானத்துக்குப் பக்கத்தில் இருக்கிற கொஞ்ச நேரம் அது திசைகாட்டி. மேலே ஏறியதும் அதை விட்டுவிட்டு, அதே இடத்தில் அடுத்து எழுகிற நட்சத்திரத்தைப் பிடிக்க வேண்டும். ஒரு திசைக்கு ஓர் இரவில் சுமார் பத்து நட்சத்திரங்கள் வரிசையாக வேண்டும். மேகம் மறைத்தால் எதிர்ப்புறம் மறைகிற நட்சத்திரத்தைப் படகின் பின்பக்கத்துக்கு நேராக வைத்துக்கொண்டு போகலாம். ஒவ்வொரு நட்சத்திரமும் தினமும் சுமார் நான்கு நிமிடம் முந்தி உதிக்கும் என்பதால் பயணம் நீள நீள வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும். பூமத்திய ரேகைக்கு அருகில் நட்சத்திரங்கள் செங்குத்தாக எழும், ஆகையால் ஒவ்வொன்றும் கூடுதல் நேரம் கைகொடுக்கும். வடக்கேயோ தெற்கேயோ போகப் போக அவை சாய்வாக ஏறிச் சீக்கிரம் திசை மாறிவிடும்.

ஹவாய்க் கடலோடி நைனோவா தாம்ஸன் இதற்காக அடிவானத்தை 32 வீடுகளாகப் பிரித்தார். ஒவ்வொன்றும் 11.25 பாகை. ஒரு நட்சத்திரம் கிழக்கே எந்தப் பேருள்ள வீட்டில் எழுகிறதோ, மேற்கே அதே பேருள்ள வீட்டில் இறங்கும். இதில் வடகிழக்கிலிருந்து வரும் நெட்டலை, அதாவது தொலைவிலிருந்து ஒரே திசையில் உருண்டு வரும் நீண்ட அலை, தென்மேற்கில் வெளியேறும் வீடும் தெரிந்துவிடும். வீடுகள் படகிலேயே பொறிக்கப்பட்டிருக்கும்: கைப்பிடிக் கட்டையில் இரு பக்கமும் எட்டு எட்டு அடையாளங்கள், மாலுமி பின்னால் உட்கார்ந்து எந்த அடையாளத்துக்கு நேராக நட்சத்திரம் எழுகிறது என்று பார்ப்பார். அப்போது படகு முழுவதும் ஒரு திசைகாட்டியாகிவிடுகிறது.

கை

படத்தின் நடுவில் வரும் பயிற்சிக் காட்சியில் மோவானா வானத்தை நோக்கிக் கையை நீட்டுகிறாள். நட்சத்திரத்தை அளக்கச் சொன்னால் வானத்துக்குக் கை கொடுக்கிறாயே என்று மாவுயி நக்கலடித்து, அவள் விரல்களைத் திருத்துகிறான். சில நொடிதான். ஆனால் மொத்தப் படத்திலும் வித்தை உண்மையாகக் கண்ணில் படுவது இந்தச் சில நொடிகளில்தான் என்று சொல்வேன். ஆகவே கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

உதிக்கும் நட்சத்திரம் திசையைச் சொல்லும். நீங்கள் வடக்கே தெற்கே எவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள் என்பதை உச்சிக்கு வந்த நட்சத்திரத்தின் உயரம் சொல்லும். அந்த உயரத்தைக் கை அளக்கும். கையை முழங்கை மடங்காமல் முழுதாக நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டால், சுண்டுவிரலின் அகலம் ஏறத்தாழ ஒரு பாகை. நடு மூன்று விரல்கள் சேர்ந்து ஐந்து. மூடிய முட்டி பத்து. விரித்த சாண் இருபதுக்கு அருகில். ஆளுக்கு ஆள் இது மாறும், எனவே தெரிந்த உயரத்தில் இருக்கும் ஒன்றை வைத்துத் தன் கையைத் தானே சரிபார்த்துக்கொள்ள வேண்டும். துருவ நட்சத்திரம் இதற்குத் தோதானது, அதன் உயரமே அந்த இடத்தின் அட்சரேகை. ஹொனலூலுவில் அது 21 பாகை, இரண்டு முட்டிக்குக் கொஞ்சம் மேலே.

தென்சிலுவை இன்னும் நேர்த்தி. அது நிமிர்ந்து நிற்கும் வேளையில் மேல் நட்சத்திரத்துக்கும் கீழ் நட்சத்திரத்துக்கும் நடுவே 6 பாகை. ஹவாய்த் தீவுகளின் அட்சரேகையில் கீழ் நட்சத்திரத்திலிருந்து அடிவானம் வரைக்கும் அதே 6 பாகை. இரண்டு தூரமும் சமமாகிவிட்டால் சொந்தத் தீவின் அட்சரேகைக்கு வந்தாயிற்று, எண்ணே தேவையில்லை. இதை நம் ஊரிலும் பார்க்கலாம். தெற்கே கடல் திறந்த இடம் வேண்டும், கன்னியாகுமரி அதற்கென்றே அமைந்தது. மே மாதத் தொடக்கத்தில் இரவு பத்து மணி வாக்கில் சிலுவை நிமிரும். அங்கே கீழ் நட்சத்திரம் அடிவானத்துக்கு மேல் சுமார் 19 பாகையில், சிலுவையின் நீளத்தைப் போல மூன்று மடங்கு உயரத்தில் நிற்கும். சென்னைக்கு வந்தால் அது 14 பாகையாக இறங்கிவிடும். வடக்கே போகப் போகச் சிலுவை கடலுக்குள் அமிழ்வதை இரண்டே ஊரில் கண்ணால் பார்த்துவிடலாம்.

எங்கே பிசகும்? முழங்கை லேசாக மடங்கினால் கை பெரிதாகித் தெரிந்து உயரம் குறைவாக வரும். படகு உருளும்போது அடிவானமே ஏறி இறங்கும், அதனால் ஒரே அளவை நம்பாமல் பல தடவை எடுத்து மனத்தில் நடு எண்ணைப் பிடிக்க வேண்டும். நிலவில்லாத இரவில் அடிவானம் எங்கே முடிகிறது என்றே தெரியாது, பனிமூட்டம் அதை உயர்த்திக் காட்டும். துருவ நட்சத்திரமும் சரியாகத் துருவத்தில் இல்லை, முக்கால் பாகைக்குச் சற்றுக் குறைவாகத் தள்ளி அதைச் சுற்றி வருகிறது. இத்தனைக்கும் பிறகு ஒரு பாகை பிசகு என்பது கடலில் 60 கடல் மைல், 111 கிலோமீட்டர். தாழ்வான பவளத் தீவின் தென்னைகள் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் வந்தால்தான் கண்ணுக்குத் தெரியும். கணக்குப் பார்த்தால் இந்த வித்தை வேலைக்கே ஆகாது.

அங்கேதான் பறவை வருகிறது. மரத்தில் கூடடையும் வெள்ளை ஆலா காலையில் இரைதேடிக் கரையிலிருந்து 120 மைல் வரைக்கும் போகும் என்பது ஹவாய் மாலுமிகளின் கணக்கு. நோயோ என்கிற கருநிற ஆலா 40 மைல். சாயங்காலம் அது பறக்கும் திசை கரையின் திசை. காலையில் பறந்தால் அதற்கு நேர் எதிர். வாயில் மீனைக் கவ்வியிருந்தால் குஞ்சுக்குக் கொண்டுபோகிறது என்று பொருள், அப்போது எந்நேரமானாலும் அது கரைக்குத்தான். கண்ணுக்குப் பத்துக் கிலோமீட்டர் அகலமாக இருந்த தீவு, பறவையால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலமாகிறது. அதில் ஒரு பாகைப் பிசகு அடங்கிப்போகும். தீவுகள் கூட்டமாக இருந்தால் ஒவ்வொரு தீவையும் சுற்றிய பறவை வட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய வலையாகும். தாஹிதியைத் தேடுகிறவர்கள் தாஹிதியைக் குறிவைப்பதில்லை, அதற்கு முன்னால் விரிந்துகிடக்கும் துவாமோத்து தீவுக்கூட்டத்தைக் குறிவைக்கிறார்கள்.

கையால் கிழக்கு மேற்குத் தூரத்தை அளக்க முடியாது. அதற்கான தந்திரம், காற்று வீசும் பக்கமாகவே வேண்டுமென்று தள்ளிப்போவது. பசிபிக்கில் வாணிபக் காற்று கிழக்கிலிருந்து வருகிறது. ஹவாய்க்குத் திரும்புகிறவர் தீவுக்குக் கிழக்கே போதுமான தூரம் தள்ளியே வடக்கேறி, சிலுவை சரியான உயரத்துக்கு வந்ததும் மேற்கே திரும்பிக் காற்றோடு இறங்குவார். மேற்கே தவறிவிட்டால் காற்றை எதிர்த்து ஏற வேண்டும், அது நாள்கணக்கில் இழுக்கும். படத்தில் இந்த எச்சரிக்கை எங்கும் இல்லை. காற்று எப்போதும் கதைக்குச் சாதகமாகவே அடிக்கிறது.

வெந்நீர் நகைச்சுவை

அதே பயிற்சியில் மாவுயி, நீருக்குள் கை விடு, வெதுவெதுப்பாக இருந்தால் சரியான வழி என்கிறான். அவள் கைவிட்டுக் குளிர்கிறது என்கிறாள். பிறகு சூடேறுகிறது. காரணம் மாவுயி பண்ணிய அசிங்கம். குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிக்கிற இடம். நீரின் சூட்டை வைத்துத் திசை பார்ப்பது பசிபிக் வித்தையில் முக்கியமான அங்கமே இல்லை. நீரிலிருந்து அவர்கள் படித்தது நெட்டலையை.

காற்று கிளப்புகிற சிற்றலை காற்று மாறினால் மாறிவிடும். எங்கோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் புயலோ நிலையான காற்றோ எழுப்பிவிட்ட நீண்ட அலை அப்படியல்ல, நாள்கணக்கில் ஒரே திசையில் உருண்டு வரும். பகல் உச்சியில் சூரியன் பயன்படாது, மேகமூட்டமான இரவில் நட்சத்திரமும் இல்லை. அந்த நேரங்களில் படகை நேராக வைத்திருப்பது இந்த நெட்டலைதான். காலையில் சூரியன் எழும்போது அலை எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று முடிச்சுப் போட்டுக்கொள்ள வேண்டும். சாயங்காலம் வரைக்கும் அந்த முடிச்சை விடக்கூடாது. இரண்டு மூன்று நெட்டலைகள் ஒன்றை ஒன்று குறுக்கே வெட்டும்போது கண்ணால் பிரிப்பது கடினம், உடலால் சுலபம். படகு முதலில் முன்னும் பின்னுமாக ஆடி அப்புறம் பக்கவாட்டில் உருள்கிறதா, இரண்டும் சேர்ந்து திருகுகிறதா என்று உட்கார்ந்த இடத்தில் தெரியும். மைக்ரோனீசியாவின் சத்தவால் தீவைச் சேர்ந்த மாவ் பியாய்லுக் படகின் உடலுக்குள் படுத்துக்கொண்டே இதைச் சொல்வார் என்பது அவருடன் போனவர்கள் சொல்வது.

இதைப் படமாக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒருத்தி கண்ணை மூடிப் படுத்திருப்பதைத் திரையில் காட்டினால் தூங்குகிறாள் என்றுதான் நினைப்பார்கள். அதனால் இந்த இடத்தைப் பாட்டிடம் விட்டுவிட்டார்கள்.

முரசும் ஒரு பழைய துக்கமும்

படத்தில் பிறகு வரும் இன்னொரு பயிற்சிக் காட்சிக்குப் பின்னால் ஓடுவது தொக்கெலாவ் தீவுகளின் மொழியில் ஒரு பாட்டு. படத்துக்காக எழுதியதல்ல. நியூசிலாந்தில் 1995இல் தொடங்கிய தெ வாக்கா குழுவின் பழைய பாட்டு. குழுவின் தலைவர் ஓபெத்தாயா ஃபோவாயி சமோவாவில் பிறந்தவர், தந்தை வழியில் தொக்கெலாவ், தாய் வழியில் துவாலு. படத்தின் இசையை அவரும் லின்-மனுவேல் மிராண்டாவும் மார்க் மன்சினாவும் சேர்ந்து செய்தார்கள். மேற்கத்திய வாத்தியங்களுக்கு அடியில் ஓடுகிற தாளம் பாத்தே என்கிற மரத்தடி முரசு. தடியைக் குடைந்து நீளவாட்டில் பிளவு விட்டிருப்பார்கள், தோல் கிடையாது. சிறியது கீச்சென்று வெட்டும், பெரியது அடிவயிற்றில் இடிக்கும். இரண்டு மூன்று அளவுகளை ஒன்றின் இடைவெளியில் இன்னொன்றாக அடுக்கி அடிப்பதால்தான் அந்த ஓயாத உந்தல் கிடைக்கிறது. குகையில் மோவானா பெரிய முரசை அடித்ததும் மூதாதையர்களின் கடற்பயணம் விரிகிற பாட்டில், முதலில் ஃபோவாயியின் குரலில் தீவுமொழிதான் வருகிறது, ஆங்கிலம் பிறகுதான். இந்த வரிசை எனக்கு முக்கியம். வந்தவர்கள் யார் என்பதை அவர்கள் மொழியிலேயே முதலில் கேட்கிறோம்.

நான் அதைவிட அதிகம் யோசித்தது தொடக்கக் காட்சியின் பாட்டைப் பற்றி. குழந்தை மோவானாவுக்குக் கடல் விலகுகிறது, தாலாட்டு மாதிரி ஒரு பாட்டு. பலருக்கும் படத்திலேயே பிடித்த மெட்டு. இது தெ வாக்காவின் ஒரு பழைய இரங்கற்பாட்டின் மெட்டு. 2000 மார்ச்சில் துவாலுவின் வாயிதூப்பு தீவில் பள்ளி விடுதி ஒன்று தீப்பிடித்து, 18 மாணவிகளும் அவர்களைப் பார்த்துக்கொண்ட பெண்ணும் இறந்தார்கள். பத்தாயிரம் பேர் அளவே இருக்கும் நாட்டில் அந்த எண் என்னவென்று யோசித்துக்கொள்ளலாம். அவர்களுக்காக எழுதிய பாட்டின் மெட்டுக்குப் புதிய சொற்கள் போட்டு, கடல் ஒரு பெண்குழந்தையை அணைத்துக்கொள்ளும் காட்சிக்கு வைத்திருக்கிறார் ஃபோவாயி. ‘கடல் தேர்ந்தெடுத்தது’ என்று எல்லோரும் மேற்கோள் காட்டுகிற காட்சி இதுதான். திரையில் அது வரம், அந்த மெட்டைத் துவாலுவில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது வேறு.

ஆயிரம் வருடம்

படத்தின் மையத்திலிருக்கும் மறதி கற்பனையல்ல. தொங்கா, சமோவா வரைக்கும் மனிதர்கள் சுமார் 2,800 ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டார்கள். அதற்குக் கிழக்கே குக் தீவுகள், தாஹிதி பக்கம் குடியேற்றம் ஏறத்தாழ 1,000 ஆண்டுகளுக்கு முன்புதான். அங்கிருந்து சில தலைமுறைகளுக்குள் ஹவாய், ஈஸ்டர் தீவு, 13ஆம் நூற்றாண்டில் நியூசிலாந்து என்று எல்லா மூலைகளையும் தொட்டுவிட்டார்கள். இடையில் ஒன்றரை ஆயிரம் வருடத்துக்கு மேல் ஏன் நின்றார்கள் என்பதற்கு ஆய்வாளர்கள் பல காரணம் சொல்கிறார்கள். கிழக்கிலிருந்து காற்று ஓயாமல் எதிர்த்தது, பசிபிக் நீர் சூடேறிக் காற்று மாறும் எல் நீன்யோ அடிக்கடி வந்த காலத்தில்தான் மேற்குக் காற்று கிடைத்தது என்பது ஒன்று. திறந்த கடலைத் தாங்கும் பெரிய இரட்டைப் படகு அப்போதுதான் உருவானது என்பது இன்னொன்று. பவளப்பார் மீன்களில் நச்சேறி ஊரை விட்டுக் கிளம்ப வைத்தது என்கிற வாதமும் உண்டு. படத்தில் மீன் கிடைக்காமல் போவதும் தேங்காய் கறுப்பதும் கிளம்புவதற்குக் காரணமாவது இந்தக் கடைசி வாதத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. நின்றதற்குக் காரணம் மட்டும் மாவுயி திருடிய இதயம் என்று மாறிவிட்டது.

மாவுயியைப் பற்றியும் ஒரு முறைப்பாடு உண்டு. தீவுக் கதைகளில் அவனோடு ஹினா என்கிற பெண்தெய்வம் வருவாள். படத்தில் அவள் இல்லை, தொங்கா நாட்டு மானிடவியலர் தெவித்தா காயிலி இதை எழுதிக் கண்டித்திருக்கிறார். நியாயமான கண்டனம். மாவுயியின் மார்பில் பச்சை குத்திய உருவமாக நடமாடுகிற குட்டி மாவுயி, எரிக் கோல்ட்பர்க் குழுவினர் கையால் வரைந்து கணினித் தோலின் மேல் ஒட்டியது. பெரிய மாவுயியை அடக்குகிற, கிண்டலடிக்கிற வேலையைப் படம் அந்தப் பச்சைக்குக் கொடுத்திருக்கிறது.

இரண்டாவது மறதி நம் காலத்தில் நடந்தது. 1950களில், பசிபிக் தீவுகளில் குடியேறியவர்கள் வேண்டுமென்று வரவில்லை, காற்றில் அடித்து வரப்பட்டவர்கள் என்ற வாதம் செல்வாக்குப் பெற்றது. அதைச் சோதிக்கவே ஹவாயில் 1973இல் ஒரு சங்கம் தொடங்கி, 62 அடி நீள இரட்டைப் படகு கட்டினார்கள். பேர் ஹோக்குலேயா. ஹவாயின் உச்சியில் கடக்கும் சுவாதி நட்சத்திரத்துக்கு அங்கே அதுதான் பேர். 1975 மார்ச்சில் நீரில் இறங்கியது. ஹவாயில் வித்தை தெரிந்தவர் யாரும் மிஞ்சவில்லை, சத்தவாலிலிருந்து மாவ் பியாய்லுக்கை அழைத்து வந்தார்கள். வெளியாருக்குச் சொல்லித் தரக்கூடாத வித்தையை அவர் சொல்லித் தந்தார். 1976 மே 1இல் கிளம்பிய படகு, கருவி எதுவுமின்றி ஜூன் 4இல் தாஹிதியின் பபேத்தேயில் கரையேறியது. 1978இல் இரண்டாவது தடவை கிளம்பியபோது சில மணி நேரத்திலேயே பெருங்காற்றில் கவிழ்ந்தது. உதவி தேடி அலைப்பலகையில் கையால் துழாவிக் கிளம்பிய எடி அய்காவ் திரும்பி வரவில்லை. 1980இல் நைனோவா தாம்ஸன் தானே வழிகாட்டித் தாஹிதிக்குப் போய்த் திரும்பினார். அதற்குமுன் அவர் பல வருடம் வானத்தையும் கோளரங்கத்தையும் மாறி மாறிப் பார்த்து, பிறகு மாவிடமும் கற்றிருந்தார். படத்தில் சில நிமிடத்தில் முடிகிற பாடத்துக்கு இதுதான் நிஜ அளவு.

2024இல் வந்த இரண்டாம் பாகத்தில் மோவானா தேர்ந்த வழிகாட்டி. இம்முறை தனியாகப் போகவில்லை, படகு கட்டத் தெரிந்த லோட்டோவையும் பயிர் வளர்க்கத் தெரிந்த கிழவர் கேலேவையும் கூட்டிக்கொண்டு போகிறாள். நீண்ட பயணத்துக்குப் படகுத் தச்சனும் செடிகொடியும் வேண்டும் என்பதை முதல் படத்தைவிட இது சரியாகப் பிடித்திருக்கிறது. குடியேறப் போனவர்கள் ஈரப்பலாக் கன்றையும் சேம்பையும் உப்புநீர் படாமல் பொத்தி எடுத்துப்போனவர்கள்தான். லோட்டோ படகைத் தானே உடைத்து உடைத்துத் திருத்துகிற இடங்கள் எனக்குப் பிடித்தவை. பாட்டுகள் அவ்வளவு நிற்கவில்லை, மிராண்டா இல்லாதது தெரிகிறது. முடிவில் மோவானா மின்னல் பட்டு இறந்து, மூதாதையரால் எழுந்து, மாவுயியைப் போலப் பாதித் தெய்வமாகிவிடுகிறாள். கை நீட்டி நட்சத்திரம் அளக்கக் கற்றவளுக்கு எதற்காக அந்தப் பதவி உயர்வு என்று எனக்குப் புரியவில்லை.